பாஸான பிறகு எழுதிய பரீட்சை

நாற்பத்தோரு வயதில் ஒரு மனிதன் பரீட்சை எழுதக் கூடாது என்பது என் கொள்கை. எழுதினால் ஃபெயிலாவான். ஃபெயிலானால் வீட்டுக்குத் தெரியும். வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று கல்யாணமானவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

என் பெயர் நிலவன். குடியிருப்பது திருவொற்றியூர். அத்திப்பட்டுப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன் என்று நினைத்துவிடாதீர்கள். கேட்டில் லாரி நம்பரைப் பதிகிற மெஷினிலிருந்து மேனேஜர் அறைப் பிரிண்டர் வரைக்கும் எது நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். உப்புக்காற்றில் துருப்பிடித்த கேபிளும் நான் தொட்டால் எழுந்து உட்காரும். ஆனால் எல்லாம் கையால் கற்றுக்கொண்டது. காகிதத்தில் ஒன்றும் கிடையாது.

அந்த யார்டை மூடப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. எண்ணூர் போகிற வழியில் புதிதாக வந்திருக்கிற ஒரு சரக்குக் கம்பெனிக்கு நெட்வொர்க் ஆள் வேண்டும் என்ற செய்தியும் அதே வாரம் வந்தது. நான் தினமும் செய்கிற வேலைதான். ஆனால் விளம்பரத்தின் கடைசி வரியில், பொடி எழுத்தில், நெட்வொர்க் சர்ட்டிஃபிகேட் கட்டாயம் என்று போட்டிருந்தார்கள்.

என் மனைவி செங்கொடி அந்த வரியைத்தான் முதலில் படித்தாள். அவள் தேரடிப் பக்கம் ஒரு மருந்துக் கடையில் கேஷியர். டாக்டர்கள் எழுத்தையே படிக்கிறவளுக்குப் பொடி எழுத்து எம்மாத்திரம்? பரீட்சை எழுதிடு என்றாள். எழுதுகிறேன் என்றேன். எப்போது என்றாள். ஏற்கெனவே படித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றேன்.

அந்தப் பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று தேவைப்பட்டது. யார்டில் என்னோடு வேலை செய்கிற அஜின், தனக்குத் தெரிந்த ஓர் இடம் இருப்பதாகச் சொல்லி என்னை யானைக்கவுனிக்கு அழைத்துக்கொண்டு போனான். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற சின்ன அச்சகம்; கேட்டால் சர்ட்டிஃபிகேட்டும் அடித்துக் கொடுப்பார்களாம். உள்ளே இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டாரிடம் கேட்பதுபோல மரியாதையாகக் கேட்டார்.

"அசோசியேட்டா, எக்ஸ்பர்ட்டா? எக்ஸ்பர்ட்டே எடுத்துக்கோ நைனா. பார்டர் நல்லா கீது."

அடக்கம் கருதி நான் அசோசியேட் போதும் என்றேன். தங்க நிற முத்திரை, யாரோ ஒரு வெள்ளைக்காரர் கையெழுத்து, அடியில் ஓரமாக க்யூஆர் கட்டம் ஒன்று. அதை ஸ்கேன் பண்ணினால் என்ன வரும் என்று கேட்டேன். அது வெறும் டிசைன், எவன் ஸ்கேன் பண்ணப் போகிறான் என்றார். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்து பாஸாகிவிட்டேன் என்று அறிவித்தேன். செங்கொடி காகிதத்தை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தாள். ரொம்ப சந்தோஷம் என்றாள். நான் குளித்துவிட்டு வருவதற்குள் அதை ஒரு கவரில் போட்டு பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருந்தாள். ஃபிரேம் போட்டு மாட்டுவாள் என்று எதிர்பார்த்திருந்த எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். கம்பெனிக்கு மெயிலும் அவளே எழுதி அனுப்பினாள். இங்கிலீஷில் அவள் எழுதினால் படிக்கிறவன் எழுந்து நிற்பான். நான் எழுதினால் உட்கார்ந்துகொள்வான்.

எல்லாம் முடிந்தது என்று நான் காலை நீட்டிய நேரத்தில் அவள் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நானும் அந்தப் பரீட்சய எழுதலாம்னு கீறேன்யா."

"நீ எதுக்கு மே?"

"மருந்துக் கடையிலயே கெழவி ஆவணுமா? வூட்லயே பாஸானவன் கீறப்ப நான் இன்னாத்துக்கு வெளிய கிளாஸுக்குப் போவணும்? நீயே சொல்லிக் குடு."

"அது ரொம்பக் கஷ்டம் மே."

"உனக்கே வந்துச்சே."

மறுநாள் சாயந்திரமே பாடம் தொடங்கியது.

முதல் நாள் கேபிளைப் பற்றி அருவியாகக் கொட்டினேன். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். இரண்டாம் நாள் சப்நெட் என்றால் என்ன என்று கேட்டாள். வலைக்குள்ளே வலை என்றேன். அது காத்திவாக்கத்தில் இறால் பிடிக்கிறவரைக் கேட்டாலே சொல்லிவிடுவார், கணக்கு எப்படிப் போடுவது என்று சொல் என்றாள். எனக்குத் திடீரென்று தலை வலித்தது. நாளைக்குச் சொல்கிறேன் என்று படுத்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து கும்மிடிப்பூண்டி ரயில் எனக்குப் பள்ளிக்கூடம் ஆனது. கதவோரமாக நின்று காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு போனில் பாடம் கேட்பேன். காலையில் படித்ததைச் சாயந்திரம் எனக்கு என்றைக்கோ தெரிந்ததுபோலச் சொல்வேன். அவள் விடமாட்டாள். ஏன் என்பாள். எப்படி என்பாள். அந்த நம்பருக்குப் பதில் வேறு நம்பர் போட்டால் என்ன ஆகும் என்பாள். ஃபயர்வால் பாடம் நடந்த அன்று, அவள் பக்கம் ஃபயரும் என் பக்கம் வாலும் மட்டுமே இருந்தன. வாலைச் சுருட்டிக்கொண்டு மறுபடி ரயிலேறிப் படித்தேன்.

படிக்கப் படிக்க ஒரு விசித்திரம் நடந்தது. இத்தனை வருஷம் என் கை தானாகச் செய்துகொண்டிருந்த காரியங்களுக்கெல்லாம் பெயர் இருக்கிறது என்று தெரிந்தது. யார்டின் பின்பக்க கேட்டில் மெஷின் அடிக்கடி ஏன் படுத்துக்கொள்கிறது என்று எனக்குப் பிடிபட்டதே இல்லை. ஒரு நாள் ரயிலில் வரும்போது பிடிபட்டது. இறங்கி நேராகப் போய்ச் சரிசெய்தேன். அதை அவளிடம் சொன்னபோது, நிஜமாகவே பெருமையாக இருந்தது. பாஸான அன்று அது இல்லை.

இதற்கிடையில் புதுக் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். ஆள் எடுக்கிற பொறுப்பில் இருந்தவர் ஃப்ளோரன்ஸ் என்கிற அம்மா. கேட்ட கேள்விக்கெல்லாம் நான் சொன்ன பதிலைக் கேட்டு எனக்கே ஆச்சரியம். அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. பிறகு ஃபைலைப் பார்த்தபடி, "சர்ட்டிஃபிகேட் விஷயம் உங்க மெயில்ல படிச்சோம். பிரச்சினை இல்ல. அடுத்த மாசம் பரீட்சை நடத்துறவங்ககிட்டயே நேரா வெரிஃபை பண்ணிக்கிறோம்" என்றார்.

காகிதத்தைப் பார்த்து ஏமாறுகிற காலம் போய்விட்டது என்றும் சொன்னார். பொய் சர்ட்டிஃபிகேட் கொடுத்துச் சேர்ந்த ஒருவரைக் கண்டுபிடித்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே அடையாள அட்டையைப் பிடுங்கி அனுப்பினார்களாம். இப்போது அந்த ஆளை இந்த வட்டாரத்தில் எந்தக் கம்பெனியும் வாசலில்கூட நிற்கவிடுவதில்லையாம். எனக்குக் கொடுத்திருந்த டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் யோசித்தேன். பழைய வேலை போகப் போகிறது. புது வேலை கிடைத்தால் மானம் போகப் போகிறது. கிடைக்காமல் இருந்தால் மானமாவது மிஞ்சும். ஆகவே செங்கொடியிடம், அந்தக் கம்பெனி சரியில்லை, என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றேன். அவள் அரிசி களைந்துகொண்டே, அப்படியானால் காலையில் அந்த அம்மாவுக்கே போன் போட்டு ஏன் என்று கேட்கிறேன் என்றாள். இன்னும் முடிவாகவில்லை என்று அவசரமாகத் திருத்திச் சொன்னேன்.  உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அதற்குப் பிறகு இரண்டு மூன்று முறை வாயைத் திறந்தேன். ஒவ்வொரு முறையும் அவள் ஒரு சந்தேகம் கேட்டாள். திறந்த வாயால் பாடம்தான் சொல்ல முடிந்தது.

அவள் பரீட்சை நாள் வந்தது. சென்டர் ராயபுரத்தில். துணைக்கு வா என்றாள். போனேன். வாத்தியார் என்கிற முறையில் வாசலில் நின்று, பதற்றப்படாமல் எழுது, கேள்வியை முழுசாகப் படி என்று உபதேசம் பண்ணினேன். உள்ளே மேஜையில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டாள்.

"செங்கொடி. நிலவன்."

வேறு யாரோ நிலவன் என்று திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

செங்கொடி கைப்பையைத் திறந்து தன் ஆதார் அட்டையை மேஜைமேல் வைத்தாள். அதன் பக்கத்தில் என்னுடையதையும் வைத்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, எனக்குப் பரீட்சை தேவையில்லை, நான் ஏற்கெனவே பாஸ் என்று அந்தப் பெண்ணிடம் கம்பீரமாகச் சொன்னேன். அவள் நல்ல பெண். பொறுமையாகத் தட்டிப் பார்த்தாள்.

"உங்க பேர்ல இதுவரைக்கும் எந்த ரெக்கார்டும் இல்லயே சார். பாஸ் பண்ணியிருந்தா இங்க காட்டும்."

நான் செங்கொடியைப் பார்த்தேன். அவள் முகத்தில் கோபம் இல்லை. சிரிப்பும் இல்லை. ஆசுபத்திரி வாசலில் நிற்கிறவள்போல ஒரு கவலைதான் இருந்தது. என் காதருகே மெதுவாகச் சொன்னாள்.

"அல்லாம் உனக்குத் தெரியும்யா. எனக்கு சொல்லிக் குடுத்தத அப்டியே போய் எழுது."

போய் எழுதினேன். கேள்விகள் எல்லாம் தெரிந்த முகங்களாக வந்தன. ஒவ்வொன்றையும் அவள் ஏற்கெனவே என்னிடம் கேட்டிருந்தாள், இதைவிடக் கடுமையாக. முடித்துப் பட்டனை அழுத்தியதும் திரையில் பாஸ் என்று வந்தது. நம்பாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். மறுபடியும் பாஸ்தான். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அவள் எப்போதோ முடித்துவிட்டு வெளியே போயிருந்தாள்.

ராயபுரம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குப் பேச்சு வந்தது. எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன்.

"நீ குடுத்த அன்னிக்கே. நீ குளிக்கப் போன, நான் அந்தக் கட்டத்த ஸ்கேன் பண்ணேன். கொருக்குப்பேட்டையில ஒரு கல்யாண மண்டபத்துக்கு மேப்பு காட்டிச்சி. அங்க இன்னாய்யா பரீட்சை எழுதின? பந்தியா?"

அச்சகத்துக்காரர் ஏதோ ஒரு கல்யாணப் பத்திரிகையிலிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறார். யார் வீட்டுக் கல்யாணமோ, நன்றாக இருக்கட்டும். அப்படியானால் கம்பெனிக்கு என்ன அனுப்பினாய் என்று கேட்டேன். என் அனுபவத்தை மட்டும் எழுதி, அடுத்த மாதம் பரீட்சை எழுதப்போகிறார், பாஸானதும் தருகிறோம் என்று உண்மையைத்தான் எழுதினாளாம். அந்தத் தங்க முத்திரைக் காகிதம்? போன ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் வறுத்தபோது எண்ணெய் வடிய அடியில் போட்டாளாம். நான்தான் நான்கு துண்டு தின்றேன்.

"அன்னிக்கே ஏன் கேக்கல மே?"

"கேட்டா சண்ட போட்டிருப்ப. படிச்சிருக்க மாட்ட." தண்டவாளத்தைப் பார்த்தபடியே மேலே சொன்னாள். "இத்தினி வருசம் வெயில்ல கேபிள் இழுத்தவன் நீ. உனக்கு அந்தக் காயிதம் நாயமாவே வரும்னு எனக்குத் தெரியும். உனக்குத்தான் தெரியல. ஒரு பேமானி காயிதத்துக்காக உன்ன எவனாவது வெளிய அனுப்பினா, நான் பாத்துகினு இருப்பனா?"

ரயில் வரும்வரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தேன். 

ஃப்ளோரன்ஸ் அம்மா சொன்னபடியே பரீட்சை நடத்துகிறவர்களிடம் நேராக விசாரித்தார். என் பெயர் இருந்தது. மார்க்கும் இருந்தது. செங்கொடியின் மார்க் என்னைவிட நிறைய என்பதை அவரிடம் நான்தான் உளறினேன். அந்த மெயிலை எழுதியதும் அவள்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன், பெருமையாக. போன் நம்பர் கேட்டார். அதையும் கொடுத்தேன், அதே பெருமையோடு.

நான் வேலையில் சேர்ந்த அன்று புது ஆட்களை எல்லாம் ஒரு ஹாலில் உட்கார வைத்தார்கள். ஃப்ளோரன்ஸ் அம்மா மேடையேறி, இனிமேல் இந்தக் கம்பெனிக்கு வருகிற அத்தனை பேருடைய சர்ட்டிஃபிகேட்டையும் சரிபார்க்கப்போகிறவர் இவர்தான் என்று, என்னிடம் மூச்சே விடாமல் வேலையில் சேர்ந்திருந்த செங்கொடியை அறிமுகப்படுத்தினார். இன்டர்வியூவில் பத்து சர்ட்டிஃபிகேட்டைக் கொடுத்தார்களாம், பொய்யானவற்றை மட்டும் அவள் அந்த நிமிடமே பிரித்து வைத்துவிட்டாளாம். எங்கேம்மா கற்றுக்கொண்டாய் என்று ஃப்ளோரன்ஸ் அம்மா அசந்துபோய்க் கேட்டிருக்கிறார்.

"வூட்ல டெய்லி பிராக்டீஸ் மேடம்" என்றாளாம்.