தொடக்கூடாத கயிறு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் சம்பந்தியம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம், என் முகத்தைத் தவிர. அதை வெளியே காட்ட முடியவில்லை. எழுத்தைப் பார்த்துப் பேத்தி கிறுக்கியது என்று நினைத்துவிடாதீர்கள். எழுபத்தொரு வயதில், முதியோர் வகுப்பில் எட்டு மாதம் உட்கார்ந்து கற்ற என் சொந்தக் கை இது. இதுவரை என் பெயரில் வந்த கடிதமெல்லாம் மகன் எழுதியவை. மூன்று நாளாக எழுதுகிறேன். ஒரு ‘ழ’ போட்டதும் பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவ்வளவு அழகாக விழுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொல்ல வாய் வரவில்லை. தீவுகளைச் சுற்ற மகன் நான்கு நாளைக்குப் பாய்மரப் படகு எடுத்தான். “தண்ணின்னா எனக்குப் பயம்பா” என்று உங்கள் மகள் போனில் சொன்னபோது, “உன் மாமனார் ஏழு வருஷம் கப்பல்ல இருந்தவரு, அவரு இருக்க என்னம்மா பயம்?” என்று நீங்கள் சொன்னது ஸ்பீக்கரில் என் காதில் விழுந்தது. நெஞ்சு நிமிர்ந்தது, கால் மட்டும் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தது. படகில் ஏறியதும் பாய்மரத்தடியில் ஒரு பலகை. எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தேன்: “பயணிகள் கயிறுகளைத் தொடக்கூடாது.” ஓர் எழுத்து பிசகவில்லை. பேத்தி கைதட்டினாள். படகோட்டிகூட “நல்லாப் படிக்கிறீங்க பெரியவரே” என்றார். படித்த சந்தோஷத்தில், அதன்படி நடக்கவும் வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் படகோட்டி தேநீர் போடக் கீழே இறங்கினார். பாயை ஏற்றி இறக்கும் கயிற்றைப் பார்த்தேன். ஒரு இழுப்புக்கு அவிழ்ந்துவிடும்போல ஏனோதானோவென்று கட்டியிருந்தது. மருமகள் பயந்தவள் ஆயிற்றே என்று என் பாணியில் மாற்றிக் கட்டினேன். மூன்று சுற்று, இரண்டு இறுக்கு, மேலே கொஞ்சம் தண்ணீர். காய்ந்தால் இன்னும் இறுகும். இறுகியது சம்பந்தி, நன்றாகவே இறுகியது. இரண்டு தீவுகளுக்கு நடுவே காற்று திரும்பி, “பாயை இறக்கணும்!” என்று படகோட்டி பாய்ந்து வந்தபோது அது கல்லாகியிருந்தது. அவர் கத்தியைத் தேடி எடுத்து அறுப்பதற்குள் படகு ஒரு மணல்திட்டில் ஏறிச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது.

“யாரு இதைக் கட்டினது?”

“எங்கப்பா. ஏழு வருஷம் கப்பல்ல இருந்தவரு” என்றான் மகன், பெருமை குறையாமல்.

“எந்தக் கப்பல்லங்க இப்படிக் கட்டுவாங்க? இது மூட்டை கட்டுற முடிச்சு! பெரியவரே, நேத்து பலகையைப் படிச்சீங்களே?”

“படிச்சேன்.”

“படிக்கத்தான் கத்துக்குடுத்திருக்காங்க, இன்னும் அர்த்தம் சொல்லிக்குடுக்கல” என்றாள் என் மனைவி.

தண்ணீர் மறுபடி ஏறும்வரை ஆறு மணி நேரம் சாய்ந்தபடியே உட்கார்ந்திருந்தோம். போகிற படகுகளிலிருந்து எங்களைப் படம் பிடித்தார்கள். உங்கள் மகள் பேத்தியை இறுகக் கட்டிக்கொண்டு கண்ணை மூடியே உட்கார்ந்திருந்தாள். அதுதான் என்னை அறுக்கிறது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் கப்பலில் இருந்ததே இல்லை. வேலை பார்த்த முப்பத்தெட்டு வருஷமும் துறைமுகக் கிடங்கில் மூட்டைதான் கட்டினேன். அந்த ஏழு வருஷமும் பொய், உங்களிடம் அளந்த புயல் கதையும் பொய். கப்பல்காரன் வீடு என்று நம்பிப் பெண் கொடுத்த உங்கள் முன் எந்த முகத்தோடு வந்து நிற்பேன்? மன்னியுங்கள்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தலைகுனிந்த உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறைமேல் விலாசம் சரிபார்க்க மருமகளிடம் கொடுத்தேன். கடிதத்தையே படித்துவிட்டுச் சிரிக்கிறாள். “எங்கப்பாவுக்கு எப்பவோ தெரியும் மாமா. நிச்சயத்துக்கு முன்னாடியே கிடங்குக்குப் போய் விசாரிச்சாரு. நீங்க கட்டின மூட்டை ஒண்ணுகூட அவிழ்ந்ததில்லைன்னு மேஸ்திரி சொன்னாராம். அதுக்கப்புறம்தான் அப்பா கல்யாணத்துக்குச் சரின்னாரு. போன்ல சொன்னதுகூட நீங்க பக்கத்துல இருக்கீங்கன்னு தெரிஞ்சுதான்.” அப்படியானால் பதினைந்து வருஷமாக, “அலை எவ்வளவு உயரம் சம்பந்தி?” என்று கண்ணை விரித்துக் கேட்டீர்களே, அது என்ன? நீங்கள் கேட்கக் கேட்க நானும் அலையை உயர்த்திக்கொண்டே போனேனே! கிழித்துப் போடலாமென்றால் மூன்று நாள் எழுதியது, மனசு வரவில்லை. கையெழுத்தை மட்டும் பாருங்கள், விஷயத்தைப் படிக்க வேண்டாம். அடுத்த மாதம் வரும்போது வழக்கம்போல அலையைப் பற்றிக் கேளுங்கள். கொஞ்சம் குறைத்தே சொல்கிறேன்.