கசெற்றுக்குள் இருந்த கடல்

மற்றவர்களின் கோபத்தை இசையால் தணிக்கப் பத்து நாள் பயிற்சி பெற்றவன் நான். என் கோபம் பாடத்திட்டத்தில் இல்லை.

போர்நிறுத்தக் காலத்தில் என்னை உளநல உதவியாளனாக ஊர்காவற்றுறைக்கு அனுப்பினார்கள். பாதி வீடுகள் பூட்டிக்கிடந்த தெருவில் ஓர் அறை. பேச்சுத்துணைக்குக் கசெற் றெக்கோடர். (அதுவும் பற்றரி இருந்தால்தான் பேசும்.) சில நாட்களில் நான் வாய்திறந்து சொன்ன ஒரே சொல், கடையில் காலைச் சாப்பாடு வாங்கச் சொன்ன ‘பாண்’.

முதல் நோயாளி அந்தோனி அண்ணை. மனநோய் வந்தபின் கடற்றொழிலை விட்டவர். கோபம் வந்தால் கையில் அகப்பட்டதை உடைப்பார். அவரைப் பராமரித்த தமக்கை மேரி அக்கா, மிஞ்சியிருந்த ஒரே பீங்கான் கோப்பையில் எனக்குத் தேத்தண்ணி வைத்தார்.

“இன்னும் ஒண்டு உடைச்சால் யாழ்ப்பாணத்து ஆசுபத்திரி வாட்டிலதான் விடோணும் தம்பி. எனக்கு ஏலாது.”

பயிற்சியில் தந்த கசெற்றைப் போட்டேன். புல்லாங்குழல், பின்னால் கடலலை. அண்ணை அசையாமல் கேட்டார். கொப்பியில் ‘முன்னேற்றம்’ என்று எழுதினேன்.

“இது எந்தக் கடல்?” என்றார்.

பொதுவான கடல் என்றேன்.

அலை ஒரே மாதிரி அடிக்கிறது, காற்றே இல்லை, இதற்குள் மீன் நிற்காது என்று சொல்லி நிறுத்தினார். கண்ணை மூடிக் கேட்கச் சொல்லி மறுபடி போட்டேன்.

“கடலுக்கை கண்ணை மூடினவன் கரைக்கு வரமாட்டான்.” மறுபடி நிறுத்தினார்.

மூன்றாம் முறை நிறுத்தியபோது, “வாயைப் பொத்தும்!” என்று, என்னிலும் பத்து வயது மூத்தவரைப் பார்த்துக் கத்தி மேசையில் ஓங்கி அடித்தேன். கோப்பை விழுந்து நொறுங்கியது.

அண்ணை குந்தியிருந்து துண்டுகளைப் பொறுக்கினார். பிறகு நிமிர்ந்தார்.

“அறையில தனியவோ இருக்கிறீர்?”

ஓம் என்றேன். சில நாட்களில் ‘பாண்’ மட்டும்தான் பேசுவேன் என்பதையும் சொல்லிவிட்டேன். என்னைக் கதிரையில் இருத்தி, வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டை மெல்லத் தொடங்கினார். அடிக்கு அடி நான் ‘ஏலேலோ’ போட வேண்டும். போட்டேன். கோபம் தணிந்தது. (யாருடைய கோபம் என்று கேட்காதீர்கள்.)

அடுத்த கிழமையிலிருந்து கசெற் இல்லை. அவர் பாட்டு, என் ஏலேலோ. மருந்தும் தொடர்ந்தது. சரிவராத நாட்களும் இருந்தன. ஆனால் மேரி அக்கா வாட்டுக் கதையை எடுக்கவில்லை. எடுத்தால் முதலில் என்னைத்தான் கொண்டுபோய் விடவேண்டும் என்றார்.

இப்போதும் அவர்கள் வீட்டுக்குப் போனால் எல்லோருக்கும் பீங்கான் கோப்பை, எனக்கு மட்டும் விழுந்தாலும் உடையாத சில்வர் பேணி. போன முறை என் மனைவி காரணம் கேட்டாள். அந்தோனி அண்ணை குரலைத் தாழ்த்தினார்.

“அவருக்குக் கோபம் வரும் பிள்ளை. நாங்கள் பாத்து நடக்கிறம்.”