ஈரம் புகாத பெட்டி

இந்த மழைக்காலத்தில் என் வீட்டில் ஒரு பூஞ்சைகூட முளைக்காது என்று ஜூன் முதல் தேதி தீர்மானம் போட்டேன். மனைவியைக் கலந்தாலோசிக்கவில்லை. கலந்தாலோசித்தால் அது தீர்மானம் ஆகாது, விண்ணப்பம் ஆகிவிடும்.

நிக்டியில் ஜூலை மாதம் எப்படி இருக்கும் என்று இங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். பீரோவில் தொங்கும் பெல்ட்டுக்கு வெள்ளை மீசை முளைக்கும். உப்பு ஜாடியைக் கவிழ்த்துத் தட்டினாலும் உப்பு விழாது. சென்ற வருடம் என் முப்பத்தைந்து எம்எம் லென்ஸுக்குள் சிலந்தி வலை போல ஏதோ தெரிந்தது. கேம்ப் கடைவீதிப் பக்கம் லென்ஸ் பழுதுபார்க்கும் காசிம் பாயிடம் எடுத்துப் போனேன். டார்ச் அடித்து, எக்ஸ்ரே பார்க்கும் டாக்டரின் நிதானத்துடன் பார்த்தார்.

"ஃபங்கஸ்," என்றார். சுத்தம் செய்து கொடுத்தார். இன்னொரு தடவை வந்தால் கண்ணாடியையே தின்றுவிடும் என்றார். வாசல்வரை வந்து, "சூகா ரக்கோ, ஜம்பு சாப்," என்று சொல்லி அனுப்பினார். உலர்வாக வைத்துக்கொள்ளச் சொல்கிறார்.

பிம்ப்ரியில் ஒரு கியர் தொழிற்சாலையில், அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் இருக்கிறேன். ஒரு மைக்ரோமீட்டர் உண்மை பேசுகிறதா என்று சொல்வது என் வேலை. ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கிறது. மிரர்லெஸ் கேமரா ஒன்று, லென்ஸ் மூன்று. அந்த முப்பத்தைந்து, பறவைகளுக்காக எழுபது-முந்நூறு, பூச்சி, பூ, பனித்துளிக்காகத் தொண்ணூறு மேக்ரோ. ஞாயிற்றுக்கிழமைகளில் கடக்வாஸ்லா அணையோரம் உட்கார்ந்து நீர்க்காகங்களை எடுப்பேன். கூப்பிட்டால் அவை திரும்பிப் பார்ப்பதில்லை. வீட்டில் பழகியதுதான்.

நான் வாங்க நினைத்தது ஒரு பெட்டி. சின்ன ஃபிரிஜ் அளவு. கண்ணாடிக் கதவு, மூன்று தட்டு, பூட்டு. உள்ளே எவ்வளவு ஈரம் என்று முகப்பில் எண் ஓடும். நாற்பத்தைந்து சதவீதத்தில் நிறுத்திவிட்டால் பூஞ்சை வராது. படத்தை வல்லியிடம் காட்டினேன். வல்லி என்பது ஆனந்தவல்லி. ஆனந்தத்தைக் கல்யாணமான வருடமே நான் விட்டுவிட்டேன்.

"மறுபடியும் கேமராவுக்கா?" என்றாள்.

"கேமராவுக்கு மட்டும்னு சொல்ல முடியாது."

"பின்னே?"

"பொதுவா வீட்டுக்கு. ஈரம் பட்டாக் கெட்டுப்போற எதை வேணா வைக்கலாம். உன் அப்பளம், வடாம்."

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"நமுத்துப் போகாதா?"

"போகவே போகாது."

"தீபாவளி வரைக்கும்?"

"அடுத்த தீபாவளி வரைக்கும்."

"மிரர்லெஸ்னா கண்ணாடி இல்லாததுன்னு நீங்கதானே சொன்னேள். இல்லாத கண்ணாடிக்கு எதுக்கு இவ்வளவு பயம்?"

"உள்ளே ஆடுற கண்ணாடிதான் இல்லை. லென்ஸ் கண்ணாடி இருக்கே."

"இருக்கறதுக்கும் கவலை, இல்லாததுக்கும் கவலை. சரி, வாங்குங்கோ."

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சம்மதித்ததில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் ஜெயித்தவன் சந்தேகப்படுவதில்லை.

பெட்டி வந்தது. லென்ஸ்களை நடுத்தட்டில் இடைவெளி விட்டு அடுக்கினேன். கேமராவைக் கீழ்த்தட்டில் வைத்தேன். எண் நாற்பத்தைந்தில் நின்றது. ஒரு நாற்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்து பார்த்தேன். வெளியே மழை. உள்ளே என் கண்ணாடிகள் உலர்வாக இருந்தன. வாழ்க்கையில் ஒன்றையாவது காப்பாற்றிவிட்டோம் என்று தோன்றியது.

முதல் வாரம் மேல்தட்டில் ஒரு அப்பளக் கட்டு வந்தது. இரண்டாவது வாரம் கூழ் வடாமும் வெங்காய வடாமும் வந்தன. மே மாதம் மொட்டை மாடியில் எங்கள் கட்டடத்துப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து பிழிந்து காயவைத்தவை. மூன்றாவது வாரம் எதிர் ஃபிளாட் நீலா தாயி வந்தார். இங்கே மராத்தியில் தாயி என்றால் அக்கா. கையில் ஒரு பெரிய டப்பா, அதில் குர்டயி. இடியாப்பத்தைப் பிழிந்து உலர்த்தினால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும்.

"ஜம்புஜி, மஸ்த் மஷீன் ஹை," என்றார். அருமையான மெஷினாம். "வல்லி சொன்னாள். எங்களுக்காகத்தான் வாங்கினீர்களாமே."

நான் சிரித்தேன். வேறு என்ன செய்வது.

லென்ஸ்கள் நடுத்தட்டிலிருந்து கீழ்த்தட்டுக்கு இறங்கின. பிறகு கீழ்த்தட்டின் மூலைக்கு. மேக்ரோ லென்ஸ் இரண்டு வெங்காய வடாம் பொட்டலங்களுக்கு நடுவில் மூச்சுவிடத் திணறியது. கடக்வாஸ்லாவில் வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்தேன். பெருங்காய வாசனை வந்தது. நீர்க்காகம் சிறகை விரித்த அந்த நொடியில் எனக்குப் பசித்தது. படம் ஆடிவிட்டது.

"வல்லி, இது லென்ஸ் பெட்டி."

"வீட்டுப் பெட்டின்னேளே."

"வீட்டுல லென்ஸும் ஒரு பொருள்தானே."

"அதான் மூலையில இருக்கே. நான் ஏதாவது சொன்னேனா?"

நேராகப் பேசி இவளிடம் நான் எதையும் வாங்கியதில்லை. அப்பளம் தானாகவே பெட்டியை வெறுக்கும்படி செய்ய வேண்டும். ஒரு திட்டம் போட்டேன். என் தொழில் அறிவு முழுவதையும் அதில் போட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வல்லி காய்கறி வாங்கக் கீழே போனபோது, லென்ஸ்களையும் கேமராவையும் வெளியே எடுத்தேன். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, நீல நிற சிலிக்கா ஜெல் மணிகளை உள்ளே போட்டு, கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். பெட்டியின் குமிழை எண்பதுக்குத் திருப்பினேன். நனைத்துப் பிழிந்த கைக்குட்டை ஒன்றைப் பின்புறம் செருகினேன். ஆபீஸ் போனேன். அன்று ஒரு வெர்னியரைக்கூட என்னால் ஒழுங்காகப் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் வந்தேன். கைக்குட்டையை எடுத்துப் பையில் போட்டேன். குமிழைப் பழையபடி திருப்பினேன். எண் மட்டும் எழுபத்தெட்டைக் காட்டிக்கொண்டிருந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு வத்தக்குழம்பு. வடாம் எண்ணெயில் விழுந்தது. பொரியவில்லை. படுத்துக்கொண்டது.

வல்லி அதைச் சாரணியால் திருப்பிப் பார்த்தாள். இன்னொன்று போட்டாள். அதுவும் படுத்தது. அடுப்பை அணைத்தாள்.

"பெட்டி கெட்டுப்போயிடுத்துபோல," என்றேன். குரலில் வருத்தம் சரியான அளவில் இருந்ததாக நினைத்தேன். "இனிமே அப்பளத்தை டின்லயே வெச்சுக்கோ. லென்ஸுக்கு வேணா நான் எப்படியோ சமாளிச்சுக்கறேன்."

அவள் பெட்டியின் முன் போய் நின்றாள். மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"லென்ஸெல்லாம் எங்கே?"

"துடைக்கறதுக்காக எடுத்து வெச்சிருக்கேன்."

"மூணையுமா?"

"ஆமா."

"கேமராவையும்?"

"ஆமா."

"எப்போ எடுத்தேள்?"

"காலைல."

வல்லி தலையை ஆட்டினாள். கோபம் தெரியவில்லை. கணக்குப் பரீட்சையில் விடை சரியாக வந்தவளின் அமைதி தெரிந்தது.

"பெட்டி கெட்டுப்போகப் போறதுன்னு எனக்குத் தெரியலை. நீலா தாயிக்குத் தெரியலை. உங்க லென்ஸுக்கு மட்டும் காலைலயே தெரிஞ்சிருக்கு," என்றாள். "சாவியைக் கொடுங்கோ."

கொடுத்தேன்.

"ரெண்டு சாவி வந்துதே."

அதையும் கொடுத்தேன். என் வடாத்தை நானே தின்றேன். தோல் பெல்ட் மாதிரி இருந்தது. கடைசித் துண்டுவரை மென்றேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து மோர் சாதம் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை எண் நாற்பத்தைந்துக்கு இறங்கியிருந்தது. வடாம் மூன்றே நாளில் பழைய மொறுமொறுப்புக்குத் திரும்பியது. பெட்டி நல்ல பெட்டிதான். உள்ளே எனக்குத்தான் இடமில்லை.

மழை வலுத்தது. டப்பாவில் இருந்த சிலிக்கா ஜெல் ஈரத்தைக் குடித்தால் நீலத்திலிருந்து ரோஜா நிறத்துக்கு மாறும். தினமும் கட்டிலுக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். முதல் நாள் நீலம். மூன்றாம் நாள் கத்தரிப்பூ. ஐந்தாம் நாள் ரோஜா. அந்த மணிகளை வறுத்தால் மறுபடி உலரும். வல்லி குளிக்கப் போன சமயம் வாணலியில் போட்டு வறுத்தேன். பாதியில் வந்துவிட்டாள்.

"அது என்ன, ஜவ்வரிசியா?"

"இல்லை."

"என் வாணலி."

"தெரியும்."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு, ஈரத் துண்டோடு சமையலறை வாசலில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்தாள். நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐம்பத்தெட்டு வயது. காசிம் பாயின் டார்ச் வெளிச்சமும் அந்தச் சிலந்தி வலையும் கண்ணுக்குள்ளேயே இருந்தன. அதை அவளிடம் நான் சொன்னதே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சொன்னேன். போன வருடம் பூஞ்சை வந்ததை, இன்னொரு முறை வந்தால் லென்ஸ் போய்விடும் என்பதை, அதற்காகத்தான் பெட்டி, அப்பளத்துக்காக இல்லை என்பதை.

"இதை ஜூன் மாசமே சொல்லியிருக்கலாமே," என்றாள்.

"சொல்லியிருந்தா வாங்க விட்டிருப்பியா?"

கொஞ்சம் யோசித்தாள். "மாட்டேன்," என்றாள். பொய் சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை.

அன்று சாயங்காலம் அவளே வந்தாள்.

"கீழ்த்தட்டு முழுசா உங்களுக்கு. மூலை இல்லை, முழுத் தட்டு. பதிலுக்கு ஒரு வேலை இருக்கு. நானும் நீலா தாயியும் வாட்ஸாப்ல ஒரு குரூப் ஆரம்பிக்கறோம். வடாம், குர்டயி விக்கறதுக்கு. போன்ல எடுத்தா எல்லாம் ஒரே மஞ்சளா வர்றது. நீங்க எடுத்துக் குடுங்கோ."

ஒப்புக்கொண்டேன். நான் இழந்தது எதுவும் இல்லை என்று அளந்து பார்த்துத்தான் ஒப்புக்கொண்டேன்.

ஞாயிறு காலை கடக்வாஸ்லா போகவில்லை. பால்கனிக் கதவோரம் மேஜையைப் போட்டேன். மழை மேகத்துக்குள்ளிருந்து வரும் வெளிச்சம் நிழலே இல்லாமல் பரவியிருந்தது. ஒரு பக்கம் வெள்ளை சார்ட் அட்டை. கேமராவில் மேக்ரோவை மாட்டி, முக்காலியில் நிறுத்தி, ஒரே ஒரு கூழ் வடாத்தை வைத்துக் குனிந்தேன்.

முள் முறுக்கு அச்சின் வரிகள் தெரிந்தன. ஒரு முனையில் மாவு அறுந்த இடத்தில் விரலால் ஒட்டிய தடம். அடிப்பக்கம் திருப்பினேன். நெசவு தெரிந்தது. இழை இழையாக, குறுக்கும் நெடுக்கும். என் பழைய வேட்டியில் பிழிந்திருக்கிறாள். வேட்டியின் தையல் ஒன்றுகூட வடாத்தில் பதிந்திருந்தது. இருபத்தொன்பது வருடமாகத் தின்கிறேன். மே மாத வெயிலில் அவள் மாடியில் நிற்கும்போதெல்லாம் நான் நிழலில் உட்கார்ந்து லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். நீர்க்காகத்தின் கழுத்தில் எத்தனை பச்சை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இது தெரியாது.

"இங்கே வந்து பாரேன்," என்றேன்.

வந்து திரையைப் பார்த்தாள். அந்த விரல் தடத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள்.

"இது என் கட்டைவிரல்," என்றாள். பிறகு, "சீக்கிரம் எடுங்கோ, காத்துல நமுத்துடும்," என்று உள்ளே போய்விட்டாள்.

நூற்றுப் பத்துப் படங்கள் எடுத்தேன். ஏழைத் தேர்ந்தெடுத்தேன். என் வாழ்நாளில் எடுத்த நல்ல படங்கள் அவைதான். சந்தேகமில்லை. மத்தியானம் குரூப்பில் போட்டார்கள். கீழ்த்தட்டில் லென்ஸ்களை இடைவெளி விட்டு அடுக்கினேன். நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

வல்லியின் போன் ஒலித்தது. மறுபடி ஒலித்தது. பிறகு நிற்கவே இல்லை. எல்லாம் ஆர்டர். எங்கள் பிராதிகரண் முழுக்க, பக்கத்துப் பேட்டைகளான சிஞ்ச்வட், ஆகுர்டி வரைக்கும் படங்கள் போய்விட்டன. நீலா தாயி கதவைத் தட்டாமலே உள்ளே வந்து, "ஜம்புஜி, கமால் கர் தியா," என்றார். அசத்திவிட்டேனாம். படத்தைப் பார்த்தாலே வாயில் மொறுமொறுக்கிறது என்று யாரோ எழுதியிருந்தார்கள். நான் அடக்கமாக இருந்தேன். அடக்கமாக இருப்பது எவ்வளவு சுகம் என்பது அன்றுதான் தெரிந்தது.

விளக்கேற்றிவிட்டு வல்லி வந்தாள். பின்னால் நீலா தாயி. அவர் கையில் நான்கு பெரிய டப்பா. கட்டடத்தில் எல்லார் வீட்டு வடாமும் பரணில் நமுத்துக்கொண்டிருக்கிறதாம். அனுப்புவதற்கு முன்னால் நாற்பத்தைந்துக்குக் கொண்டுவர வேண்டுமாம்.

"இந்த மாதிரிப் படம் யாரும் எடுத்ததில்லைன்னு எல்லாரும் சொல்றா," என்றாள் வல்லி. உண்மையான மரியாதையோடுதான் சொன்னாள். பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, பெட்டியைத் திறந்தாள்.

"கொஞ்சம் அந்தக் கீழ்த்தட்டைக் காலி பண்ணிக் குடுத்துடுங்கோ."