காதணி விழாவுக்கு ரூபினி வரமாட்டாள்

கூலாய்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தம்பி யுகேந்திரனுக்கு,

அக்கா தேன்மொழி எழுதுவது. இங்கே நானும் உன் மச்சானும் உன் மருமகள் ரூபினியும் நலம். சாஆ ஊரில் நீயும் உன் டயர் கடையும் நலமாக இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் நான் பாதி சொல்வதற்குள் நீ ஆரம்பித்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம்.

என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கோயில் மண்டபத்தை எடுத்து, ஊரெல்லாம் சொல்லி, 'தாய்மாமன் மடியில் காதணி விழா' என்று உன் முகம் பெரிதாகவும் பிள்ளை முகம் பொட்டு மாதிரியும் பேனர் அடித்துக் குடும்பக் குரூப்பில் போட்டிருக்கிறாய். பிள்ளைக்கு ஏடிஎச்டி இருக்கு, கூட்டத்திலும் சத்தத்திலும் ஓரிடத்தில் உட்காரச் சிரமப்படுவாள் என்று டாக்டர் சொன்னதை எத்தனை தரம் உனக்குச் சொல்லியிருப்பேன். "அதெல்லாம் செல்லம் கொடுத்து வந்த வியாதிக்கா. மடியில போட்டு அமுக்கிப் பிடிச்சா அடங்கிடும்லா" என்கிறாய். அமுக்கிப் பார்க்க அவள் என்ன டயரா?

உன் வைத்தியத்தைத்தான் பள்ளி விடுமுறையில் பார்த்தோமே. ரெண்டே நாளில் திருத்திக் காட்டுகிறேன் என்று பையோடு வந்து இறங்கினாய். கொஞ்சம் எழுதி, எழுந்து குதித்து, மறுபடி எழுதட்டும் என்று நாங்கள் வைத்திருந்த மணிக்கடிகாரத்தை எடுத்து அலமாரியில் பூட்டினாய், காலையில் பல் விளக்கு, சட்டை போடு, சப்பாத்து போடு என்று படம் வரைந்து ஒட்டியிருந்த தாளை, வீடா பாலர் பள்ளியா என்று கேட்டுக் கிழித்தாய், வல்லாரைச் சாறு கொடுத்தாய், அவள் அதைப் பூச்செடிக்கு ஊற்றினாள், ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து எழுது என்று எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாய். அந்த ஒரு மணி நேரமும் அசையாமல் இருந்தது நீ மட்டும்தான், அதுவும் குறட்டையோடு. முழித்துப் பார்த்தால் உன் சட்டைப் பொத்தானெல்லாம் மீன் தொட்டியில் கிடக்குது. மறுநாள் காலையில் தாள் இல்லாமல் அவள் ஒரு கால் சப்பாத்தோடு டியூசன் வேனில் ஏறிப் போனதற்கும் வளர்ப்பு சரியில்லை என்று என்னைத்தான் சொன்னாய். வாய் மட்டும் உனக்கு வாசல் வரைக்கும் இருக்கு.

அதையெல்லாம் கூடச் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். போன மாசம் உன் வீட்டுப் பூஜையில் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் அவளை அடங்காப்பிடாரி என்று கத்தினாயே, அதை என்னால் விழுங்க முடியவில்லை. திரும்பி வரும்போது காரில், "அம்மா, நான் கெட்ட பிள்ளையா? மாமாவுக்கு என்னைப் பிடிக்காதா?" என்று கேட்டாள். நான் அழுதேன். அந்தப் பிள்ளையை மறுபடியும் ஊர் பார்க்க உன் மடியில் அமுக்கிப் பிடிக்க நான் கூட்டிக்கொண்டு வரவேண்டுமாக்கும். வரமாட்டோம். மண்டபம் வேண்டாமென்று சொல்லிவிடு. பேனரைக் கடை வாசலில் மாட்டிக்கொள், டயர் வாங்க வருகிறவர்களாவது பயப்படட்டும்.

நீயும் உன் குடும்பமும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா தேன்மொழி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் பால் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனோம். நான் பாலோடு திரும்புகிறேன், உன் மருமகள் அப்பாவைக் கையைப் பிடித்து நகைக்கடைக்கு இழுத்துக்கொண்டு போய், அவளே நாற்காலியில் ஏறி, வலது காதைக் குத்திக்கொண்டு இறங்கிவிட்டாள். அழவே இல்லை. உன் மச்சான்தான் அழுதார். இடது காதைக் காட்டவே மாட்டேன் என்கிறாள். "இது மாமாவுக்கு. மாமா மடியிலதான் குத்திக்குவேன். ஆனா மாமா என்னைப் பிடிக்கக் கூடாது. கைய பின்னாடி கட்டிக்கணும்."

மண்டபத்தை விட்டுவிடாதே. கூட்டம் சேருவதற்குள் காலையிலேயே காதைக் குத்திவிடலாம். அதுவரை நீ கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் உட்காரப் பழகிக்கொள்.