நாகரிகத்தை எங்கே ஊற்றுவது?

மூன்றாம் மாடி, பின்பக்க வீடு
வியாழக்கிழமை

பெருமதிப்பிற்குரிய தொகுப்பாசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும், அலுவலகத்தில் அனைவரும், இனி வெளிவர வேண்டிய ஆறு தொகுதிகளும் நலமாக இருக்க விழைகிறேன். நானும் நலம் என்று எழுதுவது முறை. ஆகவே நலம்.

நம் கலைக்களஞ்சியத்தின் ‘ந’ வரிசைக்குத் தாங்கள் கேட்ட ‘நாகரிகம்’ கட்டுரையை இந்த வாரமும் என்னால் அனுப்ப இயலவில்லை. காரணம் சோம்பல் அல்ல. கீழே உள்ளதைத் தங்களைத் தவிர வேறு யாரும் படிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.

எனக்கு முதலில் ஒதுக்கப்பட்டது அறுபத்து நான்கு வரிகள். அதே பக்கத்தில் எனக்கு முன்னால் வரும் ‘நாகம்’ கட்டுரையின் ஆசிரியர் நச்சுப்பல்லைப் பற்றி ஒரு வரியைக்கூடக் குறைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் அது நாற்பத்தெட்டு ஆயிற்று. அவரைக் குறை சொல்லவில்லை. பாம்பு எது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. என் கட்டுரைக்குத் தாங்கள் நியமித்த இரண்டு பேராசிரியர்களின் நிலை அப்படியில்லை. வரலாற்றுப் பேராசிரியர் பச்சை மையில், நாகரிகம் என்றால் நகரம், எழுத்து, தானியக் கிடங்கு, மூடிய வடிகால் என்றார். ‘தெருவுக்கு அடியில் தண்ணீர் போக வழி செய்தவனே நாகரிகமானவன், மற்றதெல்லாம் பேச்சு’ என்று ஓரத்தில் ஒரு குறிப்பும் எழுதினார். இலக்கியப் பேராசிரியர் அதைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு, நம் பழைய இலக்கியத்தில் அந்தச் சொல்லுக்கும் வடிகாலுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, அது தாட்சணியத்தின் பெயர், எதிரில் நிற்பவர் கூசிப்போகாமல் பார்த்துக்கொள்ளும் குணத்தின் பெயர் என்றார். பச்சை மை அதை ‘உருகல்’ என்றது. சிவப்பு மை பதிலுக்கு ‘செங்கல்’ என்றது. நான் இரண்டு துறைகளையும் பல்கலைக்கழகத்தில் படித்தவள். இரண்டின் மீதும் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. வடிகால் கட்டிய ஊர்களில் அதற்குள் இறங்கிச் சுத்தம் செய்தது யார் என்று வரலாறு எழுதி வைக்கவில்லை. தாட்சணியம் காட்டியவர்கள் யார் யாருக்கெல்லாம் காட்டினார்கள் என்று இலக்கியமும் சொல்லவில்லை. இதைக் கட்டுரையின் ஒன்பதாவது திருத்தப் படியில் எழுதினேன். இரண்டு மையும் சேர்ந்து அடித்தன. அவர்கள் ஒற்றுமையாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். இப்படியாகப் பதினேழு படிகள் சேர்ந்தன.

முந்தைய தொகுதியில் ஒரு பழைய படி எப்படியோ அச்சகத்துக்குப் போய், திமிங்கிலம் மீன் என்று அச்சேறிவிட்ட பிறகு, தங்கள் அலுவலகம் ஒரு விதி வகுத்தது நினைவிருக்கும். அடித்துத் திருத்திய படி எதுவும் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. கிழித்து, நீரில் ஊறவைத்து, கூழாக்கி அழிக்க வேண்டும். நான் விதிகளுக்குக் கட்டுப்படுகிறவள். குளியலறையில் ஒரு பெரிய வாளியில் பதினேழையும் கிழித்துப் போட்டு, ஒரு வாரம் ஊறவைத்து, தினமும் கட்டையால் கிளறினேன். என் கணவர் குளிக்கப் போகும்போதெல்லாம், “நாகரிகத்தை ஊறப் போட்டிருக்கியே, எப்பத் தோய்ச்சுக் காயப் போடுவ?” என்று கேட்டார். படிகளைக் கூழாக்க வேண்டும் என்று விதியில் இருந்தது. கூழை எங்கே ஊற்ற வேண்டும் என்று இல்லை. ஞாயிற்றுக்கிழமை அதைக் குளியலறையில் தண்ணீர் போகும் தூம்பிலேயே ஊற்றினேன். நான்கு வாளித் தண்ணீரும் விட்டேன். வடிகாலைப் பற்றிப் பதினேழு முறை எழுதியவள் வேறு என்ன செய்வாள்?

திங்கட்கிழமை காலை கட்டடம் முழுவதும் அடைத்துக்கொண்டது. எங்கள் குழாய்கள் எல்லாம் தரைத்தளத்தில் ஒரே குழியில் போய்ச் சேருகின்றன. அந்தக் குழிக்குப் பக்கத்து அறையில் ஒரு தையல்காரம்மா குடியிருக்கிறார். இரண்டு தையல் இயந்திரங்கள், ஒரு கட்டில், படிக்கப் போயிருக்கும் ஒரு மகள். அறை குடியிருப்போர் சங்கத்துக்குச் சொந்தம். சங்கத்தின் செயலாளருக்கு அந்த அறையைச் சங்க அலுவலகமாக்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. சங்கத்துக்கு இருப்பது ஒரு பதிவேடும் ஒரு மணியும்தான். அவற்றுக்கு ஓர் அறை தேவை என்பது அவர் கட்சி. குழி பொங்கி அந்த அறைக்குள் கணுக்கால் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. நாங்கள் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு படிக்கட்டில் நின்றோம். குழாய்க்காரர் கம்பியை விட்டுக் குடைந்து, சாம்பல் நிறத்தில் தலையணை அளவுக்கு ஒரு கட்டியை இழுத்துப் போட்டார்.

“துணிதான். நான் அப்பவே சொன்னேன்ல?” என்றார் செயலாளர், குழிப்பக்கம் வராமலே.

“துணியா இது? பிச்சா பிஞ்சு வருதே, துணி இப்படிப் பிய்யாதுங்க,” என்றார் குழாய்க்காரர்.

தையல்காரம்மா ஒரு குச்சியால் கட்டியைப் புரட்டினார். உள்ளே கரையாத ஒரு துண்டு இருந்தது. படிக்கட்டிலிருந்தே எனக்குச் சிவப்பு மை தெரிந்தது. போன மாதம் அளவெடுக்க என் வீட்டுக்கு வந்தபோது அந்தத் தாள்களை ஒதுக்கிவிட்டுத்தான் அவர் மேசையில் நாடாவை வைத்தார். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் செருப்பைப் பார்த்தேன்.

“என் வீட்டுக் கழிவாத்தான் இருக்கும். மெத்தைப் பஞ்சு, துணித் தூளு… ஊறினா இப்படித்தான் ஆகும்,” என்று அவர் சொல்லி, கட்டியை முறத்தில் அள்ளிக் குப்பை வண்டியில் போட்டுவிட்டார்.

“ஒத்துக்கிட்டாங்க! எல்லாரும் கேட்டுக்கோங்க!” என்றார் செயலாளர். அன்று மாலையே மாத முடிவில் அறையைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டினார். ஞாயிறன்று கூட்டத்தில் அது உறுதியாகிவிடும்.

ஐயா, நான் பேசாமல் இருந்ததற்குக் காரணங்கள் இருக்கின்றன, நிறைய இருக்கின்றன. அந்த அம்மா தாமாகவே சொன்னார். நான் மறுத்தால் அவர் பொய் சொன்னதாக ஆகும். மேலும் செயலாளர் இந்த அடைப்பு இல்லாவிட்டால் இன்னோர் அடைப்பைக் கண்டுபிடிப்பார். என் கணவரிடம் சொன்னேன். “நீ போய்ச் சொன்னா அந்தம்மாவுக்குத்தான் தர்மசங்கடம். சும்மா கிட,” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் சும்மா கிடந்தேன். செவ்வாயும் புதனும் கட்டுரையை மறுபடி எழுத உட்கார்ந்தேன். ‘நாகரிகம் என்பது’ வரைக்கும் வருகிறது. அதற்கு மேல் குச்சியோடு ஒரு முகம் நிமிர்ந்து பார்க்கிறது. ஆகவே இந்தத் தலைப்பை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நடந்தது நம் இருவரோடு இருக்கட்டும். காலம் போனால் எல்லாம் சரியாகிவிடும்.

தங்கள் கண்பார்வையும் அடுத்த தொகுதியும் தெளிவாக அமைய வாழ்த்துகிறேன். இல்லத்தில் அனைவருக்கும் என் வணக்கம்.

இங்ஙனம்,
தங்கள் ‘ந’ வரிசைக் கட்டுரையாளர்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதைச் சேர்க்கிறேன். மேலே எழுதியதில் வணக்கங்களை மட்டும் ஏற்றுக்கொள்ளவும். கடிதத்தைத் தபாலில் போடக் கீழே இறங்கினேன். தையல்காரம்மா ஓர் இயந்திரத்தைக் கழற்றிச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். செயலாளர் அறையை நாடாவால் அளந்துகொண்டிருந்தார். நாடாகூட அந்த அம்மாவுடையது. “அடைப்பு என்னோடதுங்க,” என்றேன். பதினேழு படி, வாளி, கட்டை, தூம்பு, எல்லாவற்றையும் சொன்னேன். செயலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. “இதுதாங்க மேடம் நாகரிகம்! அடுத்தவங்க பழியைத் தன் தலையில போட்டுக்கிற மனசு யாருக்கு வரும்?” என்றார். நிஜமாகவே நான்தான் என்றேன். “படிச்சவங்க காகிதத்தைச் சாக்கடையில ஊத்துவாங்களா?” என்றார். ஊற்றுவார்கள் என்றேன். “உங்க பெருந்தன்மை புரியுது மேடம். ஆனா சங்கத்துக்கு ஆதாரம் வேணும்,” என்று நாடாவைச் சுருட்டிக் கட்டிலின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எனவே இந்தக் கடிதத்தை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். படிகளைக் கூழாக்கச் சொன்னது தங்கள் அலுவலகம்தான், பதினேழு படிகளும் என்னிடம்தான் இருந்தன என்று அலுவலகத் தாளில், முத்திரையோடு, ஞாயிற்றுக்கிழமைக்கு முன் கிடைக்கும்படி செயலாளருக்கு எழுத வேண்டுகிறேன். கட்டுரையையும் வேறு யாரிடமும் கொடுக்க வேண்டாம்.

செயலாளர் போன பிறகு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். தையல்காரம்மா விடவில்லை. “மூணு நாளாச்சுக்கா உங்களுக்கு. நான் ஒரு நாள்ல வருவீங்கன்னு நெனச்சேன்,” என்றார். பிறகு சாக்கின் முடிச்சை அவிழ்த்தார். “சும்மா நிக்காதீங்க. அந்தப் பக்கம் தூக்குங்க.”

தூக்கினேன். நல்ல கனம். ஐயா, கடிதம் வந்தாலும் வராவிட்டாலும், இயந்திரத்தை நாங்கள் மாட்டிவிட்டோம்.