ஐம்பது கோடிக் காணி

"ரண்டு பரப்பெண்டு எழுதினால் இந்தக் கடிதம் அவையின்ர படலையைத் தாண்டாது," என்றாள் மனைவி செலீனா.

பெனடிக்ற் பேனையை மூடி வைத்தார். மகள் மதுஷிகாவுக்குச் சம்பந்தம் பேசி வந்திருந்தது. மாப்பிள்ளை நிறோஜன் தங்கமான பிள்ளை. தகப்பன் சீவரத்தினம்தான் பிரச்சினை. நறுவிலிக்குளத்தில் வயல் செய்யும் கமக்காரர், சீதனக் காணி பத்துப் பரப்புக்குக் குறைந்தால் பேச்சே வேண்டாம் என்று சொல்லியனுப்பியிருந்தார். தாழ்வுபாட்டுக் கிராமத்தில் கடலை நம்பிப் பிழைக்கும் பெனடிக்றிடம் இருந்ததோ பழைய உறுதிப் பத்திரத்தில் உள்ள இரண்டே இரண்டு பரப்பு. எட்டுத் தென்னை வைத்தால் ஒன்பதாவதுக்கு இடமில்லை. இந்தக் கலியாணம் குழம்பினால் மகளின் முகத்தில் எப்படி விழிப்பது என்று அவருக்குக் கவலை.

"பரப்பெல்லாம் பழைய அளவு அப்பா," என்றாள் மதுஷிகா. "சதுர மில்லிமீற்றரில எழுதுங்கோ. ஐம்பது கோடியே ஐம்பத்தெட்டு லெட்சத்து ஐம்பத்தேழாயிரத்து ஐம்பத்துமூண்டு."

"பொய்யில்லையோ பிள்ளை?"

"ஒரு மில்லிமீற்றரும் பொய்யில்லை."

பெனடிக்ற் எண்ணைக் கடிதத்தின் அகலத்துக்கு எழுதினார். 'ச.மி.மீ.' என்பதை மட்டும் மூலையில் எறும்பளவில் வைத்தார். பேனையில் மை குறைவு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"நீங்கள் மீனைத்தான் பெருப்பிச்சுச் சொல்லுவியள் எண்டு நினைச்சன்," என்றாள் செலீனா.

மூன்றாம் நாள் சீவரத்தினம் தொலைபேசியில் வந்தார்.

"ஐயா, ஐம்பது கோடியோ! மூலையில ஏதோ பொடி எழுத்துக் கிடந்தது. கண்ணாடியைத் தேடக் கிடைக்கேல்லை, விட்டிட்டன். மன்னார்த் தீவே அவ்வளவு வராதே! காணி கடலுக்கையும் போகுதோ?"

பெனடிக்றுக்கு வியர்த்தது. "பெரிசா ஒண்டுமில்லை ஐயா. சின்னத் துண்டுதான்."

"என்ன பணிவு, என்ன பணிவு!" என்று சீவரத்தினம் உருகிப்போனார். "ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய வாறம். நடந்து பார்க்க ஏலாதெல்லே? உழவு மிசினிலயே வாறம்."

சனிக்கிழமை பெனடிக்ற் கோவில்வரை போய்த் திரும்பி வந்தார். பொய் சொல்லியிருந்தால் குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யலாம். சொன்னது முழு உண்மை. இதை எந்தப் பாவத்தில் சேர்ப்பது? யோசித்து யோசித்து, பக்கத்துக் காணிக்காரர் அலியாரிடம் போனார்.

"அலியார் நானா, ஒரு நாளைக்கு நடுவேலியைப் பிரிச்சு வைப்பமோ? காணி கொஞ்சம் பெரிசாத் தெரியும்."

"நல்ல காரியத்துக்குத்தானே. பிரிங்க," என்றார் அலியார்.

பிரித்தார்கள். ஞாயிறு காலை அலியாரின் பதின்மூன்று ஆடுகளும் வேலி இல்லாத சந்தோசத்தில் நேரே செலீனாவின் குசினிக்குள் போய், விருந்துக்கு வெட்டி வைத்த வாழையிலை முழுவதையும் தின்று முடித்தன. செலீனா அகப்பையோடு துரத்த, ஆடுகள் பந்தலுக்குள் ஓடி, கட்டியிருந்த தென்னோலைத் தோரணத்தைத் தொடங்கின. அந்த நேரம் பார்த்து உழவு இயந்திரம் வந்து நின்றது. மேலே சீவரத்தினம், பின் சில்லின் மட்காட்டில் அவருடைய மகள் றொசானா.

"வழியை விடுங்கோ! முதல் கிழக்கு எல்லையைப் பார்த்திட்டு வாறன்!"

சீவரத்தினம் முதலாம் கியரில் கிளப்பினார். இரண்டாம் கியர் மாற்றுவதற்குள் முன் சில்லு ஒரு கிணற்றுக்கட்டில் முட்டி நின்றது.

"சரி, வீட்டு முற்றம் முடிஞ்சுது," என்றார் அவர். "காணிக்கு எந்தப் பக்கம் திருப்ப?"

"மெல்ல, மெல்ல! கிணறு என்ட!" என்று ஓடி வந்தார் அலியார். "நீங்க வந்த தூரத்தில பாதிக்கு மேல என்ட காணி!"

இனி மறைத்துப் பயனில்லை. பெனடிக்றின் கண் கலங்கியது.

"ஐயா, என்னை மன்னியுங்கோ. ரண்டு பரப்புத்தான். எழுதினது சதுர மில்லிமீற்றரில. பிள்ளையைக் கோவிக்காதேங்கோ."

சீவரத்தினம் இறங்கினார். சட்டைப்பையிலிருந்து கடிதத்தையும், அண்மையில் கண்டெடுத்த கண்ணாடியையும் எடுத்தார். மூலையில் இருந்த எறும்பை நெடுநேரம் பார்த்தார். அவருடைய காதுகள் சிவந்தன. மதுஷிகா வாசலில் நிலத்தைப் பார்த்தபடி நின்றாள்.

"காணியை மில்லிமீற்றரில அளந்த விசரன் ஆர்?" என்று கத்தினார் சீவரத்தினம். "அப்பிடி ஒருத்தன் இருக்கிற குடும்பத்தில என்ர பிள்ளை வாழுறதோ?"

மட்காட்டில் இருந்த றொசானா ஆட்டுக்குட்டி ஒன்றைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "இருபத்தெட்டு வருசமா வாழுறார்தானே அப்பா! நிறோஜன் அண்ணாதான் அந்தக் கணக்கைப் போட்டவர். மதுஷிகா அக்காவுக்கு அனுப்ப முதல் சரி பார்த்துக் குடுத்தது நான்."