பார்த்துக்கொண்டிருக்கும் உத்தியோகம்

மழை அளக்கும் அரசாங்கக் கந்தோருக்கு இரண்டு பேர் அதிகம் என்று கொழும்புக்குத் திடீரென்று தோன்றிவிட்டது. ஆளணிச் சீர்திருத்தமாம். யார் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று பட்டியல் அனுப்ப வேண்டும். வேலையில்லாதவர் வீட்டுக்குப் போகலாம்.

கந்தோர் இருக்கும் டயகம மலையில் மழைக்குப் பஞ்சமில்லை. பியூன் அழகுமுத்து காலையில் கூட்டுவான், மழையை அளப்பான், அளவை எழுதுவான், தபாலில் சேர்ப்பான். அதிகாரி யேசுரட்ணம் கையெழுத்துப் போடுவார். பென்சனுக்கு இன்னும் நாலே வருடம்.

பயத்தில் அவர் எல்லா வேலையையும் தன் பெயரில் எழுதினார். அழகுமுத்துவின் பெயருக்கு நேரே 'பார்த்துக்கொண்டிருத்தல்' என்று போட்டார்.

பதில் உடனே வந்தது. அரசாங்கத்தில் அதுவே கெட்ட சகுனம். ஒரே ஆள் இத்தனை வேலை செய்யும் அதிசயத்தைக் காணப் பரிசோதகர் றோலண்ட் நேரில் வருகிறாராம்.

"அழகுமுத்து, நாளைக்கு நீ ஒன்னையும் தொடாத. வாயத் தொறக்காத."

"சும்மா எப்புடிங்கய்யா நிக்கறது? பழக்கமில்லீங்களே."

"தோட்டத்துல பெரிய கங்காணி எப்புடி நிப்பாரு? அப்புடி நில்லு."

மறுநாள் நல்ல மழை. கோட்டு நனையுமே என்று யேசுரட்ணம் அதைக் கழற்றி அழகுமுத்துவிடம் கொடுத்தார். கையில் வைத்திருந்தால் அதுவும் ஒரு வேலையாகிவிடுமே என்று அவன் போட்டுக்கொண்டான். குடையை முழங்கையில் மாட்டி, கைகளைப் பின்னால் கட்டி, அசல் கங்காணியாகவே நின்றான்.

யேசுரட்ணம் கூட்டினார். மழைமானிக்கு ஓடினார். சேற்றில் வழுக்கி விழுந்தார், எழுந்து மறுபடியும் ஓடினார்.

ஜீப்பில் வந்திறங்கிய றோலண்ட் ஒரு மணி நேரம் பார்த்தார். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. பெரிய அதிகாரிகளுக்கு அந்த வழக்கம் கிடையாது. பட்டியலில் சிவப்பு மையால் ஏதோ எழுதிவிட்டுக் கோட்டுக்காரனிடம் வந்தார்.

"எந்தக் கந்தோர்லயாவது அதிகாரி கூட்டுவாரா? பட்டியல்ல பேரு ரெண்டும் இடம் மாறிக் கெடந்துச்சு, திருத்திட்டேன். பிரதி மேசையில இருக்கு."

ஜீப் போய்விட்டது. யேசுரட்ணம் ஈரக்கையோடு பிரதியை எடுத்தார். கூட்டுதல், அளத்தல், எழுதுதல், தபால்: அழகுமுத்து. பார்த்துக்கொண்டிருத்தல்: யேசுரட்ணம். அடியில், 'இந்த உத்தியோகம் தேவையில்லை. நீக்கவும்.'

அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"நாலு வருசத்துல வர இருந்த பென்சன் போச்சேடா! மனுசன் எல்லாத்தையும் பிழையா எழுதிட்டுப் போயிட்டானே!"

அழகுமுத்து பட்டியலை வாங்கி மேலிருந்து கீழ் வரை நிதானமாகப் படித்தான்.

"எதுங்கய்யா பிழை? இப்பத்தானே உள்ளபடி இருக்கு."